பெண்கள் நாட்டுக்குள் நுழைகிறவன்

அக்காமாரே, தங்கச்சிமாரே, பெரியோரே, வணக்கம்.

ஆண்களே இல்லாத ஒரு நாடு. பசி இல்லை, போர் இல்லை. அங்கே வெளியாள் ஒருவன் போனால் எப்படிப் பழகுவான்? இதைப் பேச மட்டக்களப்பு நல்ல இடம்.

நான் பதுளைப் பக்கத்தில் பிறந்தவன். எங்கள் பக்கம் கல்யாணம் முடித்த பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள். மட்டக்களப்புப் பக்கத்து ஆரையம்பதிக்கு மாப்பிள்ளையாக வந்தபோது வீடு, வளவு, கிணறு எல்லாம் மனைவியின் பேரில் இருந்தன. குடி, அதாவது எந்த வம்சம் என்று கேட்டால், தாயின் குடியைச் சொன்னார்கள். தாய்வழி வம்சத்தைக் குறிக்கும் 'வயிற்றுவார்' என்ற சொல்லை இங்கே வந்துதான் கேட்டேன்.

வந்த முதல் மாதமே வேலியோரத்து முருங்கையை வெட்டிவிட்டேன். முற்றம் வெளிச்சமாகட்டும் என்ற நல்லெண்ணம்தான். "கேட்டுட்டு வெட்டியிருக்கலாமே மருமகன்" என்றார் மாமி. அந்த மரத்தில்தான் சுற்றியிருந்த மூன்று வீட்டுப் பெண்களும் கீரை ஒடித்தார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1915இல் எழுதிய 'ஹெர்லாண்ட்' நாவலில் மூன்று ஆண்கள் அப்படி ஒரு நாட்டுக்குள் நுழைகிறார்கள். அவர்களைப் பிடித்து வைத்து, முதலில் மொழி படிப்பிக்கிறார்கள். மூவரில் டெர்ரிக்கு எல்லாமே கைப்பற்ற வேண்டிய கோட்டைதான். அங்கே கட்டிய மனைவியையே பலவந்தப்படுத்தப் போகிறான். நாட்டை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஜெஃப் பெண்களைக் கும்பிடுகிறவன், அங்கேயே தங்கிவிடுகிறான். எனக்கு அவனும் சரியாகப் பழகியவனாகத் தெரியவில்லை. கும்பிடுகிறவன் கேள்வி கேட்கமாட்டான். வைகாசியில் கண்ணகைக்கு, அதாவது கண்ணகி அம்மனுக்கு, சினம் தணியக் குளிர்த்தி பாடும் ஊர்கள் நம்முடையவை. ஆனாலும் தாய்வழியில் குடியை எண்ணுகிற நம் கோயில்களில் கோயிலை நடத்தும் வண்ணக்கராக நிற்பது பெரும்பாலும் ஆண்தானே? இது எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது.

மூன்றாமவன் வான். கதையைச் சொல்கிறவனும் அவனே. தன் ஊர் வழக்கங்களைப் பற்றி அந்தப் பெண்கள் கேட்கக் கேட்க, அவனுக்கே தன் பதில்கள் போதாமல் போகின்றன. மாட்டுப்பால் கதை ஒன்று வருகிறது. கன்றைப் பிரித்துத் தாயின் பாலைக் கறந்து விற்கிறோம் என்று கேட்டதும் அவர்கள் முகம் வெளிறி எழுந்து போகிறார்கள். எருமைத் தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பில் உட்கார்ந்து அந்த இடத்தை வாசித்தபோது எனக்கும் பதில் வரவில்லை. நம் வழக்கத்துக்கு நம்மிடமே விளக்கம் இல்லை என்று ஒத்துக்கொள்கிற அந்த நேரத்தில்தான் வெளியாள் பழகத் தொடங்குகிறான் என்று நினைக்கிறேன்.

பெண்ணுக்கு மட்டும் இது லேசா என்ன? 1905இல் ரொக்கேயா சகாவத் ஹுசைன் 'சுல்தானாவின் கனவு' எழுதினார். முதலில் அச்சானது சென்னையில் வந்த ஒரு பெண்கள் பத்திரிகையில். ஆண்கள் வீட்டுக்குள் இருக்கும் நாட்டில், பகலில் தெருவில் நடக்கவே, கனவில் அங்கே போன சுல்தானா கூசுகிறாள். ஆண்பிள்ளை மாதிரி இருக்கிறாளே என்று வழியில் போகிறவர்கள் சிரிக்கிறார்கள். கூச்சமும் பயமும் அங்கே ஆண்களின் குணம். பழைய பயத்தைக் கழற்றி வைப்பதும் பழகுவதுதான்.

என் மகளுக்கு அடுத்த வருடம் கல்யாணம். அந்த வீடு இனி அவளுக்கு. நானும் மனைவியும் அதே வளவில் சின்னதாக ஒரு வீடு கட்டி ஒதுங்கலாம் என்றிருக்கிறோம். எந்தப் பக்கம் கட்டலாம் என்று மகளிடம் கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மன்னாரிலிருந்து வரப்போகும் மருமகனுக்கு முருங்கைக் கதையைச் சொல்லி வைத்திருக்கிறேன்.