சுண்டல் தண்ணீரும் எஸ்பிரசோ மார்ட்டினியும்

நேயர்களுக்கு வணக்கம். காபியைப் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தார்கள். காபி காக்டெய்ல் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் சற்று யோசித்தார். "பெரும்பாலும் நுரையைப் பற்றித்தான் சார் பேசுவேன்" என்றதும் சரி என்றார். ஆகவே மது தொடாதவர்களும் வானொலியை அணைத்துவிடாதீர்கள், உங்களுக்கும் ஒரு கிளாஸ் வைத்திருக்கிறேன்.

கேட்டரிங் கல்லூரியில் பானங்கள் பாடம் எடுப்பவன் நான். ஒரு காலத்தில் எஸ்பிரசோ மார்ட்டினி என்ற காபி காக்டெய்ல் மாணவர்களுக்குப் பழைய சரக்கு. இப்போது முதல் நாளே அதைத்தான் கேட்கிறார்கள்.

1980களில் லண்டன் சோஹோவில் ஒரு பாரில் வேலை பார்த்த டிக் பிராட்செல் உருவாக்கியது அது. அவர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே காபி மெஷின். தூக்கத்தையும் விரட்டணும், தலையும் கிறுகிறுக்கணும், அப்படி ஒன்று கொடு என்று ஒரு மாடல் பெண் கேட்டதாக அவர் சொல்லி வந்தார். வோட்கா, காபி லிக்கர் என்ற இனிப்பு மது, சர்க்கரைப் பாகு, மெஷினில் சுடச்சுட இறக்கிய கெட்டிக் காபியான எஸ்பிரசோ. அன்றைக்கு அதன் பெயர் வோட்கா எஸ்பிரசோ. அசல் மார்ட்டினியில் இருக்கும் ஜின்னும் இதில் இல்லை, வெர்மூத் என்ற மூலிகை ஒயினும் இல்லை. 1990களில் கூம்புக் கிளாஸில் எதை ஊற்றினாலும் மார்ட்டினி என்றார்கள், இதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு மவுசு குறைந்தது. கொரோனா ஊரடங்குக்குப் பின் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். நைட்ரஜன் ஏற்றிய டின்னிலும் வருகிறது. மேலே பார்மசான் சீஸ் துருவிக் குடிக்கிற கூட்டமும் உண்டு. நானும் குடித்துப் பார்த்தேன், ஒரு முறை போதும்.

இந்தப் பானத்தின் உயிர் அந்த நுரைதான். எஸ்பிரசோ மெஷின் சுமார் 9 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு அழுத்தத்தில் வெந்நீரைத் தூளுக்குள் செலுத்துகிறது. எண்ணெய் நுண்துளிகளாக இறங்கும், வறுத்த கொட்டைக்குள் தங்கியிருக்கும் கரியமில வாயுவும் கூடவே வரும். அதை ஆறவிடாமல் ஐஸோடு போட்டு, கை வலிக்கக் குலுக்க வேண்டும். ஆறிப்போன காபியில் அந்த நுரை எழும்பாது.

நம் ஃபில்டர் டிகாக்‌ஷனில் செய்து பார்த்தேன். மணம் பிரமாதம், நுரை மட்டும் நிற்கவில்லை. அழுத்தமில்லாமல் சொட்டுச் சொட்டாக இறங்குவதுதானே! அதற்கு ஒரு வழி உண்டு. சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்து வடித்துக் கொட்டுகிறோமே, அந்தக் கொழகொழப்பான தண்ணீர். உப்புப் போடாமல் வேகவைத்தது, ஒரு மேசைக்கரண்டி. ஷேக்கரில் சேர்த்துக் குலுக்கினால் முட்டை வெள்ளைக்கரு போலவே நுரை நிற்கும். மேல்நாட்டு பார்களிலும் இதைத்தான் செய்கிறார்கள். கடலை வாசம் காபி மணத்தில் அமுங்கிவிடும்.

ஐரிஷ் காபிக்கு நுரை இல்லை, கிரீம். 1940களில் அயர்லாந்தின் ஃபாய்ன்ஸ் துறையில், கடல் விமானப் பயணிகளுக்காக ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் காபியில் விஸ்கி கலந்து கொடுத்தார். 1952இல் சான் பிரான்சிஸ்கோவின் புவேனா விஸ்டா கடையில் அதைச் செய்ய முயன்றபோது கிரீம் மூழ்கிக்கொண்டே இருந்ததாம். எனக்கும் அந்த அவமானம் உண்டு. செய்முறை வகுப்பில் ஒரு தடவை சர்க்கரை போட மறந்துவிட்டேன். ஊற்றிய கிரீம் நேராக அடியில். "சார், இது பால் காபி" என்றான் ஒருவன். சர்க்கரை கரைந்தால் காபியின் அடர்த்தி கூடும், லேசாக அடித்த கிரீம் மேலே மிதக்கும். இனிப்புக்காக மட்டும் போடுவதில்லை.

இன்னொன்று: காபி போதையைக் குறைக்காது, போதை ஏறுவது தெரியாமல் செய்துவிடும். வண்டி ஓட்டுகிறவர்கள் கவனிக்க.

சரி, மது வேண்டாம் என்பவர்களுக்கு வைத்த கிளாஸ். ஸ்வீடன் காபிக் கடைகளில் பிரபலமான டோனிக் காபி. நீளமான டம்ளரில் ஐஸ் நிரப்பி, டோனிக் வாட்டர் என்ற கசப்புச் சோடாவை முக்கால் அளவு ஊற்றுங்கள். ஒரு எலுமிச்சைத் துண்டு. கெட்டி டிகாக்‌ஷனைக் கடைசியில், கரண்டியின் முதுகு வழியாக மெல்ல வழியவிடுங்கள். இதற்கு நம் டிகாக்‌ஷன் நன்றாகவே பொருந்தும். அவசரப்பட்டு மடமடவென்று ஊற்றினால் பொங்கி வழியும், பக்கத்தில் ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள்.