தறிக்குழியும் முழங்காலும்

(சேலத்தில் பிசியோதெரபி மாணவர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பேச ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன வேலை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்காருங்கள். ஆச்சா? இப்போது காலைப் பின்னால் இழுக்காமல், தலையை முன்னால் சாய்க்காமல் எழுந்து பாருங்கள்.

பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. முடியாது. உடம்பின் பாரம் பாதத்துக்கு மேல் வந்தால்தான் இடுப்பு கிளம்பும். முதல் தடவை காலை இழுத்ததும் தலையைச் சாய்த்ததும் நீங்கள்தான். யாரும் சொல்லித் தரவில்லை. தொடையில் எவ்வளவு வலு இருந்தாலும் இந்த வரிசை கலைந்தால் ஆள் எழுந்திருக்க மாட்டார்.

நம் படிப்பில் முதல் வருஷம் தசைப் பெயர்களிலேயே போய்விடும். எது எங்கே தொடங்குகிறது, எங்கே போய் ஒட்டுகிறது என்று நானும் ஒப்பித்தவன்தான். பரீட்சைக்கு அது போதும்.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு நெசவாளர் என்னிடம் வந்தார். முழங்கால் சில்லு உடைந்து அறுவை முடிந்தவர். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலில் படுக்க வைத்து மடக்கினேன், நீட்டினேன், கணுக்காலில் எடை கட்டித் தூக்கச் சொன்னேன். சில வாரத்தில் 120 டிகிரி மடங்கியது. எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. "நல்லாத்தான் மடங்குதுங்க. ஆனா தறிக்குழியை விட்டு ஏற முடியலீங்களே" என்றார்.

அவர் வீட்டுக்குப் போனேன். குழித்தறி பார்த்தவர்களுக்குத் தெரியும், நெய்பவர் தரைமட்டத்தில் பலகையில் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். இறங்கும்போது சுலபமாக இறங்கினார். ஏறும்போது இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, காலை வெளியே எடுத்தார். அடுத்து ஒரு முட்டி போட்டு எழ வேண்டும். அங்கே நின்றுவிட்டார். அடிபட்ட முட்டியைத் தரையில் வைக்கப் பயம். மடக்குவதற்கும் அந்தப் பயத்துக்கும் சம்பந்தமே இல்லை. நான் அளந்தது மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதை. அவர் கேட்டது குழியை விட்டு வெளியே வருவதை.

1995இல் கனடாவில் ஷெரில் காட் என்ற பிசியோதெரபி ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் பிசியோதெரபிக்கென்று ஒரு கோட்பாடு வைத்தார்கள். அசைவு ஒரு நீண்ட தொடர்: செல்லுக்குள் தொடங்கி, தசை, மூட்டு, முழு உடம்பு என்று போய், ஊருக்குள் நடமாடுகிற மனிதர் வரைக்கும் நீள்கிறது. ஒரு படியில் சரிசெய்தது அடுத்த படிக்குத் தானாக ஏறிவிடாது. ஒருவரால் இப்போது முடிவது ஒன்று, அவர் விரும்புவது ஒன்று, உச்சமாக எட்டக்கூடியது இன்னொன்று. முதல் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறைப்பதே நம் வேலை என்றார்கள். எனக்கு அந்த 'விரும்புவது' என்ற சொல்தான் உறைத்தது. கேஸ் ஷீட்டில் அதற்கு நான் இடமே விட்டிருக்கவில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மனித அசைவை ஆராய்ந்த ரஷ்யாவின் நிகொலாய் பெர்ன்ஸ்டைன். 1920களில் மாஸ்கோவில், உளிமேல் சுத்தியல் அடிக்கும் கைதேர்ந்த தொழிலாளிகளின் மூட்டுகளில் குட்டி பல்புகளைக் கட்டிப் படம் எடுத்தார். சுத்தியல் முனை ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தது. தோளும் முழங்கையும் மட்டும் ஒவ்வொரு அடியிலும் வேறு வழியில் போயின. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை பார்ப்பவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், புரியும். ஒரே கணக்கை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுவதுதான் பயிற்சி. பத்துத் தடவை, மூன்று செட் என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறோமே, அது அதில் சேராது.

நெசவாளருக்கு அப்புறம் கட்டில் இல்லை. முதலில் மடித்த போர்வைமேல் முட்டி, பிறகு பாய்மேல், பிறகு வெறுந்தரை. ஒரு நாள் இடது பக்கம் திரும்பி ஏறினார், ஒரு நாள் வலது பக்கம். கடைசியில் தறிமரத்தைப் பிடித்துக்கொண்டு, முட்டியே போடாமல், நான் சொல்லித் தராத ஒரு வழியில் ஏறினார். அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

முன்வரிசையில் ஏற்காட்டிலிருந்து ஓர் அம்மா வந்திருக்கிறார். காப்பித் தோட்டத்தில் மேடு ஏறும்போது வலிக்கவில்லை, இறங்கும்போதுதான் முட்டி குத்துகிறது என்று ஆரம்பத்திலேயே கேட்டார். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. முட்டிச் சில்லின்மேல் அழுத்தம் கூடுகிறது. மாணவர்கள் அவர் முட்டியைத் தொடுவதற்கு முன் இந்த மேடைப் படியில் அவரை மெதுவாக இறங்கச் சொல்லிப் பாருங்கள். வாங்கம்மா, என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.