ரத்தமா, ரத்தம் மாதிரியா?

நேயர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சித் தொடர்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். இருட்டறையில் ஒருவர் தரையில் எதையோ தெளிக்கிறார். தரை நீலமாக ஒளிர்கிறது. "ரத்தம்!" என்கிறார் பக்கத்தில் இருப்பவர். ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த இடத்தில் சிரிப்புதான் வரும். அது ரத்தம்தான் என்று அந்த நொடியில் யாராலும் சொல்ல முடியாது.

தெளிக்கும் பொருளின் பெயர் லூமினால். 1937இல் ஜெர்மனியின் வால்டர் ஸ்பெக்ட் ரத்தக் கறையைத் தேட அதைப் பயன்படுத்திக் காட்டினார். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற ஹீமோகுளோபினில் ஹீம் என்றொரு பகுதி உண்டு. அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த லூமினால் ஹீமோடு சேர்ந்ததும் வினை வேகமெடுத்து ஒளி வருகிறது. ரத்தம் லட்சம் மடங்கு நீர்த்துப்போயிருந்தாலும் இது காட்டிக்கொடுக்கும். இன்னொரு விந்தை, புது ரத்தத்தைவிடக் காய்ந்து பழசான கறையில்தான் ஒளி நன்றாக வரும்.

சரி, ஹீம் செய்கிற இதே வேலையைச் செப்பு உப்புகளும் செய்யும், துணி வெளுக்கும் பிளீச்சும் செய்யும், முள்ளங்கி போன்ற செடிகளில் இருக்கும் பெராக்சிடேஸ் என்ற நொதியும் செய்யும். பிளீச் சட்டென்று மின்னி மறையும், ரத்தம் நின்று ஒளிரும் என்று அனுபவசாலிகள் வித்தியாசம் சொல்வார்கள். ஆனால் அதை வைத்து முடிவெழுத முடியாது. இது தேட வேண்டிய இடத்தைக் காட்டுகிற முதற்கட்டச் சோதனை, அவ்வளவுதான். அடுத்து, அது ரத்தம்தானா என்று உறுதி செய்ய வேண்டும். மனித ரத்தமா, விலங்கு ரத்தமா என்று பிரித்தறிய 1901இல் பால் உலென்ஹூத் வழி காட்டினார். அப்புறம்தான் யாருடையது என்ற கேள்வி. எப்போது, எப்படிச் சிந்தியது என்பது எல்லாவற்றிலும் கடினம்.

தொல்லியலில் இந்தச் சிக்கல் பெரும் விவாதமாகவே வெடித்தது. 1983இல் தாமஸ் லாய் என்ற ஆய்வாளர், மேற்குக் கனடாவில் கிடைத்த ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையான கற்கருவிகளில் ரத்தம் ஒட்டியிருக்கிறது, எந்த விலங்கின் ரத்தம் என்றுகூடச் சொல்லலாம் என்று எழுதினார். எவ்வளவு பெரிய ஆசை பாருங்கள்! ஒரு கல்லை எடுத்து, இதால் வெட்டியது மானைத்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் மண்ணில் இருக்கும் மாங்கனீசு ஆக்சைடும் தாவரப் பச்சையமும் ரத்தச் சோதனைப் பட்டைகளை நிறம் மாற வைக்கும் என்று பிறகு தெரியவந்தது. தெரிந்த விலங்கின் ரத்தத்தைக் கல்லில் தடவி, விவரம் சொல்லாமல் ஆய்வகங்களுக்கு அனுப்பியும் பார்த்தார்கள். பல பதில்கள் தவறாகவே திரும்பி வந்தன. கருவியை மட்டும் சோதித்து, அதைச் சுற்றியிருந்த மண்ணைச் சோதிக்காத முடிவை நான் ஏற்பதில்லை.

இதற்கு நேர்மாறாக, நிதானமாகச் செய்த வேலைக்கு ஓட்ஸி நல்ல உதாரணம். ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கிடைத்த, அம்பு தைத்து இறந்த ஒருவரின் சுமார் 5,300 ஆண்டுப் பழமையான உடல் அது. 2012இல் அதன் காயங்களை இரண்டு வழிகளில் ஆராய்ந்தார்கள். நுண்ணோக்கியில் சிவப்பணுக்களின் வடிவம் தெரிந்தது. லேசர் ஒளியைச் செலுத்திப் பார்த்ததில் ஹீமோகுளோபினின் அடையாளம் தெரிந்தது. கூடவே, ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரினும் இருந்தது. காயம் பட்ட உடனே தோன்றிச் சீக்கிரம் குறைந்துவிடும் பொருள் அது. ஆகவே அம்பு தைத்த பிறகு அவர் அதிக நேரம் உயிரோடு இருக்கவில்லை என்று கணித்தார்கள்.

2013இல் வந்த செய்தி இன்னும் சுவையானது. அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்த 4 கோடியே 60 லட்சம் ஆண்டுப் பழமையான கொசுப் புதைபடிவம், உப்பிய வயிற்றோடு. அந்த வயிற்றில் இரும்பும் ஹீமும் இருந்தன. பாறையிலிருந்தே இரும்பு ஊறி வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்காகத்தான் அதே வகைப் பாறையில் கிடைத்த ஆண் கொசு ஒன்றையும் சோதித்தார்கள். ஆண் கொசு ரத்தம் குடிக்காது. அதன் உடலில் அப்படி இரும்பு சேர்ந்திருக்கவில்லை. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது அந்த ஆண் கொசுதான். எந்த விலங்கைக் கடித்த ரத்தம் என்பதை மட்டும் ஆய்வாளர்கள் சொல்லவில்லை. ஹீம் விலங்குக்கு விலங்கு மாறுவதில்லை. அடையாளம் சொல்லக்கூடிய டிஎன்ஏவோ அவ்வளவு காலம் தாங்காது.

நன்றி, வணக்கம்.