எந்த ஆலையில் பிழிந்தது?

(வெள்ளவத்தையில் பேக்கரி, மிக்சர், பிஸ்கட் தொழில் செய்பவர்கள் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இன்று காலை புறக்கோட்டையில் ஒரு கடை வாசலில் பாம் ஒயில் கான்களை லொறியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். எடை இருந்தது, காலாவதித் திகதி இருந்தது, இறக்குமதி செய்தவரின் முகவரி இருந்தது. எந்த ஆலையில் பிழிந்தது என்பது மட்டும் இல்லை. நானும் பல வருடம் அதைக் கேட்காமல்தான் வாங்கினேன்.

ஏன் ஆலையைக் கேட்க வேண்டும்? பாம் ஒயில் பிழிகிற முள்ளுத்தேங்காய்க் குலையை வெட்டினால் வைத்திருக்க முடியாது. ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போக வேண்டும். பிந்தினால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் போய்விடும். தேங்காயைப் போலக் குவித்து வைத்து ஆறுதலாக உரிக்கிற காரியம் இல்லை. அதனால் ஓர் ஆலைக்குப் பழம் வருவது சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்துதான். ஆலையின் பெயர் தெரிந்தால், எந்தக் காட்டை ஒட்டிய நிலம், எந்தத் தோட்டத்து ஆட்களின் உழைப்பு என்று தேடிப் பிடிக்கலாம். ஆலையைத் தாண்டினால் பல இடத்து எண்ணெய் ஒரே தாங்கியில் கலந்துவிடும். அப்புறம் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பாம் ஒயிலையே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். 2021 ஏப்ரலில் நம் அரசாங்கம் அப்படித்தான் அறிவித்தது: இறக்குமதிக்குத் தடை, புதிதாக நடுவதற்குத் தடை, இருக்கிற மரங்களையும் படிப்படியாக அகற்ற உத்தரவு. சரி, இன்றும் பாம் ஒயில் வந்துதான் இறங்குகிறது. ஒரு ஹெக்டேயரில் இந்த மரம் வருடத்துக்கு 3 தொன்னுக்கு மேல் எண்ணெய் தரும். தென்னை 1 தொன்னைத் தொடுவதே கஷ்டம், சோயா அரைத் தொன் அளவுதான். வேறு எண்ணெய்க்குப் போனால் இன்னும் அதிக நிலம் வேண்டும். களுத்துறைப் பக்கம், தெரணியகலைப் பக்கம் இந்த மரத்தால் கிணறும் ஊற்றும் வற்றுகின்றன என்று சனங்கள் சொல்லும் முறைப்பாட்டை நான் தள்ளிவிடவில்லை. அதற்கும் காது கொடுக்கத்தான் வேண்டும்.

இது நமக்குத் தூரத்து விஷயமும் அல்ல. மலேசியாவின் முதல் வணிக முள்ளுத்தேங்காய்த் தோட்டம் 1917இல் சிலாங்கூரில் தொடங்கியது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம். றப்பர்ப் பால் வெட்டிய தமிழ்ச் சனங்கள்தான் பிறகு பல இடங்களில் செம்பனைக் குலை வெட்டினார்கள். அங்கே இதைச் செம்பனை என்பார்கள். நீண்ட கழியின் நுனியில் அரிவாள். அண்ணாந்து அறுத்தால் 20 கிலோ குலை முள்ளோடு விழும். உதிர்ந்த பழங்களை ஒருவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். இன்று அந்த வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் ஆட்கள் கடன்பட்டு வருகிறார்கள். 2020இல், கட்டாய உழைப்பு என்ற காரணத்தைக் காட்டி, மலேசியாவின் இரண்டு பெரிய கொம்பனிகளின் பாம் ஒயிலை அமெரிக்கச் சுங்கம் தடுத்து நிறுத்தியது.

இனி நான் செய்த பிழையைச் சொல்கிறேன். எனக்கு எண்ணெய் தருபவருக்கு நாற்பது கேள்வியோடு ஒரு படிவம் அனுப்பினேன். இரண்டே நாளில் திரும்பி வந்தது. நாற்பதுக்கும் 'ஆம்'. ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வில் நாற்பது சரி அடையாளம். அதைக் கோப்பில் போட்டுவிட்டு, அடுத்த மாதம் அவரிடமே கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொன்னேன்.

பிறகு ஒருநாள் அவருடைய கடையில் போய் உட்கார்ந்து கேட்டேன். "அண்ணன், நீங்கள் மாதத்துக்கு மாதம் விலை பார்த்து ஆளை மாற்றுகிறீர்கள். நான் யாரை நம்பி ஆலைப் பட்டியல் தேடுவது?" என்றார். நியாயமான கேள்வி. ஒரு வருடத்துக்கு இவ்வளவு வாங்குவேன் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் பட்டியல் வந்தது. அதில் ஓர் ஆலைக்கு எதிராகக் காடழிப்பு முறைப்பாடு இருந்தது. அந்த ஆலையிடம் வாங்குவதை உடனே நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் அதே எண்ணெய் கேள்வி கேட்காத வேறொருவரிடம் போகும். என்ன திருத்துகிறார்கள், எப்போது என்று தவணை போட்டுக் கேட்கிறோம். தவணை தவறினால் விலகுவோம் என்றும் சொல்லியிருக்கிறோம்.

சான்றிதழ் வாங்கினால் போதாதா? காட்டையும் ஆட்களையும் கெடுக்காத பாம் ஒயிலுக்காக 2004இல் தொடங்கிய ஆர்.எஸ்.பி.ஓ. என்ற அமைப்பின் சான்றிதழ் இருக்கிறது, நல்லது. ஆனால் அதிலும் வகை உண்டு. ஒன்றில் சான்று பெற்ற எண்ணெயைத் தனியாகவே வைத்திருப்பார்கள். இன்னொன்றில் சாதாரண எண்ணெயோடு கலந்து, கணக்கில் மட்டும் அளவு காட்டுவார்கள். எது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இன்னொன்று: இந்தோனேசியாவில் செம்பனை நிலத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் சிறு விவசாயிகள் கையில் இருக்கிறது. சான்றிதழுக்கான தணிக்கைச் செலவை அவர்களால் தனியாகத் தாங்க முடியாது. சுத்தமான எண்ணெய் வேண்டும், விலை மட்டும் பழைய விலை என்று நாம் சொன்னால், முதலில் வெளியே தள்ளப்படுவது அவர்கள்தான். அந்தப் பாரத்தில் ஒரு பங்கை நாமும் ஏற்க வேண்டும்.

மாதம் ஐம்பது கான் வாங்குகிறவர் தனியாகக் கேட்டால் இறக்குமதியாளர் காதில் விழாது. ஒரு கொள்கலனுக்கு ஏறத்தாழ 20 தொன் பிடிக்கும். இங்கே இருப்பவர்களின் ஓடரைச் சேர்த்தால் அதற்குக் குறையாது என்று நினைக்கிறேன். வாசலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். மாதம் எத்தனை கான் எடுக்கிறீர்கள், யாரிடம் எடுக்கிறீர்கள், ஒரு வருடத்துக்குக் கட்டுப்பட முடியுமா என்று மூன்று வரி எழுதிவிட்டுப் போங்கள். இறக்குமதியாளரிடம் நான் போகிறேன். இரண்டு பேர் கூட வந்தால் நல்லது.