சீட்டை மல்லாத்தி வைக்கிற நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். இப்போது மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்பது வருடம் கோவாவில், பணஜியில், மாண்டவி ஆற்றில் நிற்கிற கேசினோ கப்பல் ஒன்றில் வேலை. போக்கர் மேசையில் டீலர். சீட்டைக் கலைத்து, பிரித்துக் கொடுத்து, கடைசியில் யாருடைய கை பெரியது என்று படித்துச் சொல்கிற வேலை அது. விளையாட்டில் நடந்துகொள்ளும் முறை பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டபோது, எனக்கு உடனே மனசில் வந்தது அந்தக் கடைசிக் கட்டம்தான். ஷோடவுன் என்பார்கள். நம் ஊர் மூணு சீட்டில் ‘ஷோ’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணம் வைத்து ஆடச் சொல்லி நான் இங்கே வரவில்லை. கோவாவில் அரசு உரிமம் கொடுத்து நடக்கிற இடங்கள் அவை. நம் மாநிலத்தில் சூதாட்ட இடம் நடத்துவதும் அங்கே போய் ஆடுவதும் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே குற்றம். இணையத்தில் பணம் வைத்து ஆடுகிற விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் நிறைவேற்றியது. பணத்தைத் தொலைத்துவிட்டு விடிகாலை நாலு மணிக்குக் கப்பலின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எங்கள் வீட்டில் புளியங்கொட்டை வைத்து ஆடுகிறோம். ஆளுக்கு ஐம்பது கொட்டை. எங்கள் பக்கம் புளிக்குப் பஞ்சமே இல்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். டெக்சாஸ் ஹோல்டெம் என்கிற வகைதான் இன்று எங்கும் ஆடப்படுகிறது. ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்துக் கொடுப்போம். நடுமேசையில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது, மல்லாத்தி வைப்போம். இந்த ஏழில் சிறந்த ஐந்து சேர்ந்ததுதான் உங்கள் கை. முதலில் மூன்று பொதுச் சீட்டு, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று திறக்கும்போது, இடையிடையே பந்தயம் கட்டுவார்கள். பிடிக்காதவர் சீட்டைக் கவிழ்த்தபடியே டீலரிடம் தள்ளிவிட்டு விலகலாம். கடைசிப் பந்தயமும் முடிந்து இரண்டு பேராவது மிச்சம் இருந்தால், சீட்டைக் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அப்போது யார் முதலில் காட்டுவது? இதில்தான் சண்டையே வரும். “நீ காட்டு”, “இல்லை, நீ முதல்ல காட்டு” என்று இரண்டு பேரும் சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விதி சிக்கலே இல்லாதது. கடைசிச் சுற்றில் கடைசியாகப் பந்தயத்தை வைத்தவரோ ஏற்றியவரோ முதலில் காட்ட வேண்டும். “என் கை பெரிசு” என்று காசால் சொன்னவர் அவர். அதற்குச் சமமாகக் காசு வைத்து ஈடுகட்டினவர், அந்தப் பேச்சு மெய்யா என்று பார்க்க விலை கொடுத்திருக்கிறார். கடைசிச் சுற்றில் யாருமே பந்தயம் வைக்கவில்லை என்றால், டீலர் பட்டன் என்று ஒரு வில்லை மேசையில் சுற்றி வருமே, அதற்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவரில் தொடங்கி வரிசையாகக் காட்ட வேண்டும்.

தோற்றது தெரிந்துவிட்டால் அடுத்தவர் தன் சீட்டைக் காட்டாமலே தள்ளிவிடலாம். அந்த உரிமை எனக்கு மிகவும் பிடிக்கும். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். போச்சம்பள்ளிச் சந்தைக்குச் சின்ன வயதில் என் மாமாவோடு போயிருக்கிறேன். துண்டுக்குள் என்ன பேசினார்கள் என்று அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். வியாபாரம் முறிந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். “எவ்வளவு கேட்டீங்க?” என்று மூன்றாவது ஆள் துளைப்பது மரியாதை கிடையாது. தோற்றவனின் கவிழ்த்த சீட்டும் அப்படித்தான். அவன் என்ன நினைத்து இவ்வளவு தூரம் வந்தான் என்பது அவனோடு போகட்டும்.

ஆனால் பானையை, அதாவது நடுவில் சேர்ந்த மொத்தத்தையும், எடுக்க நினைக்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஷோடவுன் வரை வந்துவிட்டால் இரண்டு சீட்டையும் மேசையில் மல்லாத்தி வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் காட்டிவிட்டு “போதுமே” என்று சொல்லக் கூடாது. பொதுச் சீட்டு ஐந்துமே உங்கள் கையாக இருந்தாலும், அதாவது உங்கள் இரண்டும் எதற்கும் உதவாவிட்டாலும், இரண்டையும் காட்டினால்தான் பங்கு. போட்டி ஆட்டங்களில் இன்னொன்று உண்டு. இருப்பதையெல்லாம் வைத்துவிட்டு, இனிப் பந்தயமே இல்லை என்று ஆனவுடன், எல்லாருடைய சீட்டும் உடனே திறந்தாக வேண்டும். இரண்டு பேர் கூட்டு வைத்துக்கொண்டு ஒருவர் மற்றவருக்குக் காசை நழுவ விடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

இப்போது, வாயால் சொல்வதற்கும் சீட்டைக் காட்டுவதற்கும் உள்ள தூரத்தைச் சொல்ல வேண்டும். இதை நான் இரண்டு ராத்திரிகளில் கற்றுக்கொண்டேன்.

ஒருநாள், புதிதாக ஆட வந்த ஒரு பெண். கையில் இரண்டு ஏழு. நடுவில் ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது, ஒரு ராஜா. எதிராளி ராஜா ஜோடியைத் திறந்து வைத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. “ஜோடி ஏழுதான்” என்று சொல்லிக்கொண்டே, ஆனால் இரண்டு சீட்டையும் ஒழுங்காக மல்லாத்தி வைத்தார். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. வரிசையாக ஐந்து. ஜோடியை விட எவ்வளவோ பெரிய கை. அவர் வாய் ‘ஜோடி’ என்றது, சீட்டு ‘வரிசை’ என்றது. போக்கரில் சீட்டு சொல்வதுதான் செல்லும். பானையை அவர் பக்கம் தள்ளியபோது, ஏன் என்று புரியவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இன்னொரு ராத்திரி இதற்கு நேர்மாறு. ஒருவர் சீட்டைக் காட்டாமலே “ஃப்ளஷ்” என்றார். ஐந்தும் ஒரே சின்னம் என்று பொருள். எதிரில் இரண்டு ஜோடி வைத்திருந்தவர் பெருமூச்சு விட்டு, தன் சீட்டைக் கவிழ்த்து என்னிடம் தள்ளினார். கழித்த சீட்டுக் குவியலுக்குள் அதை இழுத்துச் சேர்த்தது என் விரல்கள்தான். அதற்கு அப்புறம், ‘ஃப்ளஷ்’ என்று சொன்னவர் தன் சீட்டைத் திறந்தார். ஒன்று ஆட்டின். இன்னொன்று டைமன். இரண்டும் சிவப்பு, அவசரத்தில் ஆட்டின் என்றே படித்திருக்கிறார். ஃப்ளஷ்ஷே இல்லை. ஆனால் குவியலில் கலந்துவிட்ட சீட்டு செத்த சீட்டு. திறந்த நிலையில் மேசையில் இருந்தது ஒரே கைதான், பானை அதற்குத்தான் போயிற்று. ஏமாற்ற நினைத்தாரா, உண்மையிலேயே தப்பாகப் படித்தாரா, எனக்கு இன்று வரை தெரியாது. தள்ளினவரோ ஒரு வார்த்தை பேசவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே வீட்டில் ஆடினாலும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். எதிராளி என்ன சொன்னாலும் சரி, அவருடைய இரண்டு சீட்டையும் கண்ணால் பார்க்கும் வரை உங்கள் சீட்டை விடாதீர்கள். ஈடுகட்டியவர் தன் சீட்டைக் கையில் வைத்திருக்கும் வரை, பந்தயம் வைத்தவரைக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. சீட்டைத் தள்ளிவிட்டால் அந்த உரிமையும் கூடவே போய்விடும்.

இனிச் சொல்லப்போவது விதிப் புத்தகத்தை விட மனுஷத்தன்மையைச் சேர்ந்தது. ‘ஸ்லோ ரோல்’ என்று அதற்குப் பெயர். ஜெயிப்பது தெரிந்த பிறகும் வேண்டுமென்றே இழுத்து இழுத்துக் காட்டுவது.

ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மாதத்தில் ஒருநாள் வருவார். சின்னதாக ஆடுவார், எல்லாரையும் பேர் சொல்லி விசாரிப்பார். அன்று நடுவில் ஆட்டின் ராஜா, ஆட்டின் ஒன்பது, கிளாவர் நாலு, ஆட்டின் நாலு, ஸ்பேட் ஏழு. பெரியவர் பந்தயம் வைத்தார். எதிரில் ஒரு இளைஞர், யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு ஈடுகட்டினார். முறைப்படி பெரியவர் உடனே இரண்டையும் திறந்தார். ஆட்டின் ஆஸ், ஆட்டின் ஆறு. அருமையான ஃப்ளஷ். இளைஞர் தலையை ஆட்டி, “நல்ல கை சார்” என்றார். தன் சீட்டைத் தூக்கிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். ஒரு ஒன்பதை மட்டும் மெதுவாகத் திறந்தார். பெரியவர் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டி, பானையில் காசுக்குப் பதிலாக இருந்த சில்லுகளைத் தொட்டுவிட்டார். அப்போதுதான் இரண்டாவது ஒன்பதைத் திறந்தார் அந்த இளைஞர். நடுவில் இருந்த ஒன்பதோடு மூன்று ஒன்பது, அப்புறம் இரண்டு நாலு. ஃபுல் ஹவுஸ். ஃப்ளஷ்ஷை விடப் பெரியது.

பெரியவர் நீட்டின கையைப் பின்னால் எடுத்தது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தொடக் கூடாததைத் தொட்டுவிட்ட மாதிரி எடுத்தார். காசு போனதற்கு அவர் வருந்தவில்லை. பத்துப் பேர் பார்க்க, இல்லாத ஜெயிப்பை அவருக்குக் கொடுத்துப் பிடுங்கியதுதான் அவரைச் சுட்டது. அந்த இளைஞர் சீட்டில் பொய் செய்யவில்லை. பானை அவருடையதுதான், நானே தள்ளினேன். ஆனாலும் அந்த மேசையில் அதற்குப் பிறகு ஒருவரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. பெரியவர் அடுத்த மாதம் வரவில்லை.

ஜெயித்த கை என்று தெரிந்தால் ஒரே வீச்சில் இரண்டையும் வையுங்கள். ஆறிப்போக விடாதீர்கள். முறைப்படி அடுத்தவர்தான் முதலில் காட்ட வேண்டும் என்றாலும், உங்களிடம் பெரிய கை இருந்தால் நீங்களே முந்திக்கொண்டு திறப்பது நல்ல பழக்கம்.

இன்னும் சில சின்னச் சங்கதிகள். விலகிவிட்ட பிறகு ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே “அடடா, எங்கிட்ட ராஜா இருந்துச்சே!” என்று தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். ஒரு ராஜா இனி யாரிடமும் இருக்க முடியாது என்று மிச்சம் இருப்பவர்களுக்கு அது காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் சீட்டைக் காட்டினால், மேசையில் உள்ள எல்லாருக்கும் காட்ட வேண்டும். ஒருவரின் கைக்கு ஒரே மூளைதான், பின்னால் நின்று யோசனை சொல்லக் கூடாது. பொங்கல் லீவில் இதை மச்சான்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும்.

எங்கள் அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. ரம்மியில் ஊறினவர். போக்கரை என்னிடம்தான் கற்றுக்கொண்டார். போன தை மாதம், திண்ணையில் பாய் விரித்து ஆடிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவரும் என் மகனும்தான் மிச்சம். நடுவில் நாற்பது கொட்டைக்கு மேல் இருக்கும். அத்தைதான் கடைசியாகப் பத்துக் கொட்டை வைத்தார். பையன் எண்ணிப் பத்து வைத்தான். அத்தை தன் சீட்டைத் திறக்கப் போனார். அதற்குள் பையனே இரண்டு சீட்டையும் பட்டென்று பாயில் வைத்து, “அவ்வா, எனக்கு வரிசை வந்திருக்கு” என்றான்.

அத்தை குனிந்து, கண்ணாடியைத் தூக்கி, ஒவ்வொரு சீட்டாக விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். “ஆமா கண்ணு” என்றார். தன் இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடியே கட்டோடு சேர்த்தார். “அவ்வா, நீங்க என்ன வெச்சிருந்தீங்க?” என்று பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்தான். என் மகன் அவன் தோளைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்தான். அத்தை சீட்டைக் கலைக்க ஆரம்பித்துவிட்டார்.

வணக்கம்.