முதல் வாரமே வாங்குகிற கூட்டத்தில் நான் இல்லை, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'புதிய வீடியோ கேமை வெளியான வாரத்திலேயே வாங்குவது லாபமா, நஷ்டமா?' என்பது தலைப்பு. நஷ்டமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி, இந்த வாரம் கடைக்கு வருகிற கேம்களின் பட்டியலை மூச்சுவிடாமல் வாசித்தார். தேதி சொன்னார், விலை சொன்னார், முன்பதிவு செய்தால் கேமுக்குள் கிடைக்கும் தங்க வாள், சிவப்புச் சட்டை எல்லாம் சொன்னார். கேம் நன்றாக இருக்குமா என்பதை மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? அவரும் இன்னும் விளையாடிப் பார்க்கவில்லையே!

என் வாதம் ஒன்றுதான். ஒரு கேமின் விலை உச்சத்தில் இருப்பதும், அதில் பிழைகள் மலிந்து கிடப்பதும் ஒரே வாரத்தில் நடக்கின்றன. அது வெளியான வாரம். அந்த வாரத்தைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர் அதிக விலை கொடுத்து அதிகக் குறையை வீட்டுக்குக் கொண்டு போகிறார்.

எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள். மூவரில் ஒருவராவது 'சைபர்பங்க் 2077' என்ற பெயரை உச்சரித்தாரா? கவனமாகச் சுற்றிப் போனார்கள். நான் அங்கேதான் நிற்கப் போகிறேன்.

போலந்து நாட்டின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2012இல் அறிவித்த கேம் அது. 2019இல் நடிகர் கியானு ரீவ்ஸை மேடையேற்றி 2020 ஏப்ரலில் வருகிறது என்றார்கள். ஏப்ரல் செப்டம்பர் ஆனது, செப்டம்பர் நவம்பர் ஆனது, கடைசியில் டிசம்பர் 10 அன்று வந்தது. வருவதற்கு முன்பே 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது கணினிப் பதிப்பை மட்டும்தான். அதிலும் அவர்கள் தாங்களே பதிவு செய்த காட்சிகளைக் காட்டக் கூடாது என்று நிபந்தனை. டிவியில் இணைத்து விளையாடும் கன்சோல்களான சோனியின் பிளேஸ்டேஷன் 4இலும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் அது எப்படி ஓடும் என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது. வாங்கியவர்கள்தான் முதலில் தெரிந்துகொண்டார்கள். தெருவில் மனிதர்கள் திடீரென்று முளைத்தார்கள், வண்டிகள் மறைந்தன, கேம் பாதியில் அணைந்து போனது. அடுத்த வாரமே சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து நீக்கிவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி 2021 ஜனவரியில் வீடியோவில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். கடைக்கு அந்தக் கேம் திரும்பி வந்தது 2021 ஜூன் மாதத்தில். அப்போதும் சோனி, பழைய பிளேஸ்டேஷன் 4இல் சிக்கல் தொடரலாம் என்று எச்சரித்துவிட்டுத்தான் விற்றது.

எதிரணித் தம்பி ஒருவர் தலையாட்டுகிறார். 'பிறகு சரி செய்துவிட்டார்களே' என்பார். உண்மை. 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்தது. காவல்துறை, திறன்கள், சண்டை என்று அடித்தளத்தையே மாற்றி எழுதினார்கள். இன்று அது மிக நல்ல கேம், நானும் ரசித்து விளையாடினேன். ஆனால் தம்பி, அந்த 2.0 யாருக்கு வந்தது தெரியுமா? பிளேஸ்டேஷன் 5க்கும் புதிய எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும் வந்தது. பிளேஸ்டேஷன் 4க்கு வரவேயில்லை. முதல் வாரம் வரிசையில் நின்று பிளேஸ்டேஷன் 4க்காக வாங்கினாரே, அவர் புதிய கன்சோல் வாங்கினால் ஒழிய அந்த நல்ல கேமை அனுபவிக்கவே முடியாது. காத்திருந்தவருக்கு முழுக் கேம் பாதி விலையில் கிடைத்தது. எட்டு வருடம் ஆக்கப் பொறுத்தவர்கள், ஆறப் பொறுக்கக் கூடாதா?

ஏதோ ஒரு நிறுவனம் சறுக்கியதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2015 ஜூனில் 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' கணினிப் பதிப்பு வந்தது. சில நாட்களிலேயே விற்பனையை நிறுத்தினார்கள், அக்டோபரில்தான் திரும்ப விற்றார்கள். 2014 நவம்பரில் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' வந்தது. பாரிஸ் நகரை அவ்வளவு அழகாகக் கட்டியிருந்தார்கள், ஆனால் சில பாத்திரங்களுக்கு முகத்தைக் காணவில்லை. கண்ணும் பல்லும் மட்டும் காற்றில் மிதந்தன. விமர்சனங்களை வெளியிட அனுமதித்த நேரம் எது தெரியுமா? கேம் விற்பனைக்கு வந்த அதே நாளின் நண்பகல்! நள்ளிரவில் கடை வாசலில் நின்றவர் வாங்கி, வீட்டுக்குப் போய், தூங்கி எழுந்த பிறகுதான் ஊர் வாய் திறந்தது. முதல் நாள் வாங்க வைப்பதற்கென்றே செய்யப்பட்ட ஏற்பாடு இது என்று நான் சொல்வதில் தவறு இருந்தால் நடுவர் திருத்தட்டும்.

'டிஸ்க் கையில் இருந்தால் போதும், அது என்றைக்கும் நம் சொத்து' என்றார் எதிரணித் தலைவி. 2015இல் 'டோனி ஹாக்ஸ் புரோ ஸ்கேட்டர் 5' வந்தது. டிஸ்க்கில் இருந்தது 4.6 ஜிபி. முதல் நாளே இணையத்திலிருந்து பதிவிறக்க வேண்டிய அப்டேட் 7.7 ஜிபி. காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் இருந்ததைவிட இணையத்திலிருந்து வந்தது பெரிது! அந்த டிஸ்க்கை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? டீ டம்ளர் வைக்கலாம்.

கேம் நிறுவனங்கள் இந்தக் காலத்தில்தான் இப்படி ஆகிவிட்டன, அந்தக் காலத்தில் கன்சோலில் செருகி விளையாடும் கேட்ரிட்ஜ் கேம்கள் முழுமையாக வந்தன என்று இரண்டாவது பேச்சாளர் பெருமூச்சு விட்டார். அந்தக் காலத்துக்கே போவோம். 1982. அடாரி நிறுவனம் ஒரு புகழ்பெற்ற ஹாலிவுட் படத்தின் உரிமையை வாங்கி, 'இ.டி.' என்ற கேமை அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கொண்டுவர வேண்டும் என்று தேதியை முதலில் குறித்தது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற வடிவமைப்பாளருக்குக் கிடைத்த அவகாசம் சுமார் ஐந்து வாரம். பாவம், அவரும் செய்து கொடுத்தார். கதாநாயகன் குழியில் விழுவான், ஏறுவான், மறுபடியும் விழுவான். பண்டிகைக்குப் பிள்ளைகளுக்குப் பரிசாகப் போன கேம் அது. விற்காத சரக்கை 1983இல் நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தார்கள். 2014இல் தோண்டியபோது கேட்ரிட்ஜ்கள் உண்மையாகவே வெளியே வந்தன. அன்றும் இன்றும் நோய் ஒன்றுதான்: கேம் முடிந்ததா என்று பார்த்துத் தேதி வைப்பதில்லை, தேதியை வைத்துவிட்டுக் கேமை அதற்குள் திணிக்கிறார்கள். முதல் வாரம் வாங்குகிறவர் அந்தத் தேதிக்குத்தான் காசு கொடுக்கிறார்.

இப்போது எதிரணியின் நல்ல வாதங்களுக்கு வருகிறேன். நல்லவை சில இருந்தன, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

'ஹாலோ நைட்: சில்க்சாங்' வந்ததைச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு. 2025 செப்டம்பர் 4 அன்று வெளியிட்டார்கள், விலை 20 டாலர். மக்கள் மொய்த்ததில் கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் உட்பட ஆன்லைன் கடைகளே திணறின. முதல் நாளே நல்ல கேம், குறைந்த விலை, திருவிழா மகிழ்ச்சி. இதற்கு என்ன பதில் என்று கேட்டார்கள். பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கேமை 2019இல் அறிவித்துவிட்டு, ஆறரை வருடம் ரசிகர்கள் கேட்டும் கெஞ்சியும் கேலி செய்தும் அவர்கள் அசையவில்லை. அவசரப்படாமல் செய்தார்கள், அதனால் நன்றாக வந்தது. எங்கள் அணியின் கொள்கையைக் கடைப்பிடித்த ஒருவரை எதிரணி தன் சாட்சியாக அழைத்து வந்திருக்கிறது. மிக்க நன்றி.

'ஆன்லைன் கேம்களில் முதல் வாரம் எல்லோரும் சமம், பிறகு போனால் தேர்ந்தவர்கள் நம்மை நசுக்கிவிடுவார்கள்' என்றார் தம்பி. சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது. செப்டம்பர் 6 அன்று சர்வரை அணைத்தார்கள். இரண்டு வாரம்! பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்த வாரம் எல்லோரும் சமமாகத்தான் இருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளி கேமின் கதையும் இங்கே பொருந்தும். 2016 ஆகஸ்டில் வந்தபோது, எண்ணற்ற கோள்கள் கொண்ட அந்த அண்டத்தில் இரண்டு பேர் முதல் நாட்களிலேயே ஒரே கோளில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. சேர்ந்து விளையாடலாம் என்று நம்பி வாங்கியவர்கள் அதற்காக 2018 ஜூலை வரை காத்திருந்தார்கள். முதல் வாரம் வாங்கியவரும் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். அவர் முழு விலை கொடுத்துவிட்டுக் காத்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது உருக்கமான வாதம்: 'எல்லோரும் காத்திருந்தால் கேம் செய்கிறவர்கள் பிழைப்பது எப்படி? நிறுவனம் மூடிவிடுமே?' இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 'அமங் அஸ்' என்ற கேம் 2018இல் வந்தது. அப்போது ஏறெடுத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர். 2020இல் ஊரடங்குக் காலத்தில் உலகமே அதை விளையாடியது. தாமதமாக வந்த கூட்டம்தான் அந்தச் சிறு குழுவை வாழ வைத்தது. மறுபக்கம், ஜப்பானின் டாங்கோ கேம்வொர்க்ஸ் 2023 ஜனவரியில் 'ஹை-ஃபை ரஷ்' வெளியிட்டது. முதல் நாளிலிருந்தே பாராட்டு, விருதுகள். அடுத்த ஆண்டு மே மாதம் அதன் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் அந்த ஸ்டுடியோவை மூடுவதாக அறிவித்தது. பின்னர் ஒரு கொரிய நிறுவனம் எடுத்துக்கொண்டது வேறு கதை. முதல் நாள் கைதட்டு ஸ்டுடியோவைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு அதிகம் ஆதாரம் இல்லை.

ஒரு விதிவிலக்கை நானே தருகிறேன். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையைச் சுற்றி நடக்கும் 'வெண்பா' 2023 ஜூலை 31 அன்று வந்தது. ஒரே மாலையில் முடித்துவிடக்கூடிய சிறிய கேம், செய்தவர்களும் சிறிய குழு. அதை முதல் வாரமே வாங்கியவரை நான் திட்ட மாட்டேன். நடுவர் விரும்பினால் இதற்காக எதிரணிக்கு அரை மதிப்பெண் போடலாம்.

'காத்திருந்தால் கேமே காணாமல் போகலாம்' என்று யூபிசாஃப்டின் 'தி க்ரூ'வைக் காட்டினார்கள். 2014இல் வந்த அந்தக் கேமின் சர்வர்களை 2024இல் அணைத்ததும் அது விளையாடவே முடியாததாகிவிட்டது. ஆமாம், அநியாயம்தான். ஆனால் 2014 டிசம்பரில் முதல் நாள் வாங்கியவரிடமாவது அது இன்று ஓடுகிறதா? ஓடவில்லை. ஆறு மாதம் கழித்து வாங்கியவர் அவரைவிட ஆறு மாதம் குறைவாக விளையாடியிருப்பார். விலையும் குறைவாகக் கொடுத்திருப்பார். சர்வர் அணைவதற்கு முதல் வார ரசீது மருந்தாகாது.

நம் நாட்டு விலைக்கு வருகிறேன். பெரிய நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 5 கேம் ஒன்று இங்கே ஏறக்குறைய 5,000 ரூபாய். சென்னை ரிச்சி தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். வாங்கிய வேகத்தில் முடித்தவர்களும் முடிக்க மனமில்லாதவர்களும் கொண்டு வந்து தள்ளிய டிஸ்க்குகள் பழைய டிஸ்க் கடைகளில் கிடைக்கும். அவையெல்லாம் ஒருநாள் யாரோ ஒருவர் அவசரமாக முழு விலைக்கு வாங்கியவைதான். நின்டெண்டோவின் கேம்கள் விலை இறங்குவதில்லையே என்பீர்கள். பெரும்பாலும் இறங்குவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். இறங்காத விலைக்கு இன்றைக்கே ஓட வேண்டிய அவசியமும் இல்லையே! 'பிடிக்காவிட்டால் ஸ்டீமில் பணம் திரும்பக் கிடைக்கும்' என்பதும் சரி. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடாமல் இருந்தால் கிடைக்கும். இன்றைய பெரிய கேம்களில் இரண்டு மணி நேரத்தில் பாதிப் பேர் கதாநாயகனுக்கு மூக்கு தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசி வாதம், காத்திருந்தால் கதையின் முடிவு கசிந்துவிடும் என்பது. 'ஜிடிஏ 5', அதாவது 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5', 2013 செப்டம்பரில் வந்தது, மூன்றே நாளில் நூறு கோடி டாலர் வசூல். எதிரணி அந்த மூன்று நாளைப் பேசியது. அதற்குப் பின் அந்தக் கேம் மூன்று தலைமுறைக் கன்சோல்களில் 20 கோடிக்கும் மேல் விற்றிருப்பதைப் பேசவில்லை. அத்தனை பேரில் மிகப் பெரும்பாலோர் முடிவு என்னவென்று ஊருக்கே தெரிந்த பிறகு வாங்கியவர்கள். அவர்கள் யாரும் மகிழ்ச்சி குறைந்ததாகப் புகார் கொடுக்கவில்லை.

அதன் அடுத்த பாகத்தை 2025இல் தருவதாகச் சொன்னார்கள். பிறகு 2026 மே என்றார்கள். அதையும் நவம்பருக்குத் தள்ளினார்கள். செய்கிறவர்களே இத்தனை முறை பொறுக்கும்போது, எதிரணித் தம்பி மட்டும் இந்த மேடையில் நின்று, வந்த அன்றே வாங்கிவிடுவேன் என்று சூளுரைத்தார். எல்லோரும் காத்திருந்தால் யார்தான் வாங்குவது என்ற கேள்விக்கும் அவரே பதிலாகிவிட்டார். தம்பி, தாராளமாக வாங்குங்கள். மூன்றாவது அப்டேட் வந்ததும் எனக்கு ஒரு போன் செய்து, எப்படி ஓடுகிறது என்று சொல்லுங்கள். நான் அதன் பிறகு கடைக்குப் போகிறேன். நடுவர் மணி அடித்துவிட்டார். நன்றி, வணக்கம்.