சாய்ந்த கோடு எதன் பக்கத்தில் சாய்கிறது?

வணக்கம். திரையில் இருக்கிற மழையைக் கொஞ்ச நேரம் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட மரஅச்சுப் படம் இது. அன்றைய எடோ, இன்றைய டோக்கியோ. சுமிதா ஆற்றின் மேல் ஒரு மரப்பாலம், திடீரென்று பிடித்த மழை, குடைக்கடியில் குனிந்தபடி விரைகிற ஆட்கள், ஆற்றில் தன்னந்தனியாகக் கட்டைத் தெப்பத்தைக் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போகிற ஒருவன். முகங்கள் பெரும்பாலும் மறைந்தே இருக்கின்றன, இருப்பவையும் பொட்டளவுதான். அதாவது முகபாவத்தை நம்பி இந்தப் படம் வரையப்படவில்லை. ஆனாலும் பார்த்தவுடன் நமக்கு ஒரு பரபரப்பு வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது?

மழையைக் காட்டுகிற கோடுகளிலிருந்து என்று சொல்வீர்கள். பாதி சரி. ஆனால் அந்தக் கோடுகள் அப்படியொன்றும் சாய்ந்து அடிக்கவில்லை, கிட்டத்தட்ட நேராகத்தான் விழுகின்றன. இன்னும் நெருங்கிப் பார்த்தால் அவை ஒரே திசையிலும் இல்லை. இரண்டு தொகுதியாக, மிகக் குறுகிய கோணத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. (மரஅச்சில் இப்படிக் கோடு போடுவது விளையாட்டில்லை. சுற்றியிருக்கும் மரத்தையெல்லாம் செதுக்கி எடுத்துவிட்டு, மயிரிழை அளவுக்கு வரம்பை மட்டும் உடையாமல் மிச்சம் வைக்கவேண்டும். செதுக்கியவர் பெயர் நம் பேச்சில் வருவதே இல்லை.) அந்தச் சின்ன முரண்தான் மழையைத் திரைச்சீலையாகத் தொங்கவிடாமல் அசைய வைக்கிறது.

சரி, இப்போது அக்கரையைப் பாருங்கள். சமமாக இல்லை, ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. பாலமும் வளைந்திருக்கிறது. மேலே கவிந்திருக்கிற கருமேகத்தை விட்டால், கண் போய் உட்கார ஒரு படுத்த கோடு கிடையாது. நேராக விழுகிற மழைக்குக் கீழே நிலம் சாய்ந்திருப்பதால் உலகமே கொஞ்சம் நழுவுகிற மாதிரி இருக்கிறது. அக்கரையை மட்டும் மட்டமாக்கி, இதே படத்தைப் பென்சிலால் வரைந்து பாருங்கள். மழை இருக்கும், பரபரப்பு இருக்காது.

படுத்த கோடு என்றால் அமைதி, நிமிர்ந்த கோடு என்றால் கம்பீரம், சாய்ந்த கோடு என்றால் வேகம் என்று ஓவியப் பயிற்சி நூல்களில் ஒரு வாய்ப்பாடு இருக்கும். எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை இல்லை. தப்பு என்று சொல்லவில்லை, அரைகுறை என்கிறேன். கோட்டின் திசைக்குத் தனியாக ஓர் உணர்ச்சி கிடையாது. பக்கத்தில் இருக்கிற இன்னொரு கோட்டோடு அது ஒத்துப்போகிறதா, சண்டை போடுகிறதா என்பதில்தான் உணர்ச்சி இருக்கிறது.

இந்த வாய்ப்பாட்டை முழுமனதோடு நம்பிய பெரிய கலைஞர் ஒருவர் உண்டு, பிரான்சின் சூரா. மகிழ்ச்சிக்கு மேல்நோக்கிய கோடு, அமைதிக்குக் கிடைக்கோடு, சோகத்துக்குக் கீழிறங்கும் கோடு என்று 1890இல் ஒரு கடிதத்தில் எழுதியே வைத்தார். அந்தக் காலத்தில் அவர் வரைந்த ‘ஷாய்யு’ என்கிற நடனப் படம் இப்போது நெதர்லாந்தில் இருக்கிறது. நடனக்காரர்களின் தூக்கிய கால்கள் வரிசையாக ஒரே சாய்வில் மேலே போகின்றன, முன்னால் இருக்கிற பெரிய வாத்தியத்தின் கழுத்தும் அதே பக்கம் சாய்கிறது, மீசைகூட மேல்நோக்கி முறுக்கியிருக்கிறது. விதிப்படி பார்த்தால் கூத்தும் கும்மாளமுமாக இருக்கவேண்டும். எனக்கோ சாவி கொடுத்த பொம்மைகள் ஆடுவதுபோல்தான் படுகிறது. எல்லாக் கோடும் ஒரே பக்கம் தலையாட்டினால், எதிர்த்து நிற்க ஆளில்லை, இழுபறி இல்லை. சூரா வேண்டுமென்றேதான் அந்த விறைப்பைக் கொண்டுவந்தார் என்று வாதாடுகிறவர்கள் உண்டு, இருக்கலாம். அப்படியென்றாலும் அது வாய்ப்பாடு சொன்ன மகிழ்ச்சி இல்லையே!

இதற்கு நேர் எதிர், நார்வே ஓவியர் மூங்க் 1893இல் வரைந்த ‘அலறல்’. எல்லோரும் அந்த முகத்தையும் நெளிகிற சிவப்பு வானத்தையும்தான் பேசுகிறார்கள். நான் பாதையோரக் கைப்பிடிக் கம்பியைப் பார்க்கச் சொல்வேன். ஒரு வளைவுகூட இல்லாமல், இரக்கமே இல்லாமல், மூலைவாட்டில் உள்ளே ஓடுகிற நேர்கோடு அது. கம்பியை எடுத்துவிட்டால் வானத்தின் நெளிவு அழகான அலங்காரமாகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அலறுகிற உருவத்தின் உடல் வானம்போலவே நெளிகிறது, பாதையின் கோடியில் இருக்கிற இரண்டு பேர் மட்டும் விறைப்பாக நிமிர்ந்து நிற்கிறார்கள். மூன்று பேரும் நிற்பது ஒரே பாதையில்தான். ஆனால் அவன் வளைகோட்டின் கட்சி, அவர்கள் நேர்கோட்டின் கட்சி. அவனுடைய தனிமையைச் சொல்ல இதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

கதைக்குப் படம் போடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், டேப்லெட்டில் வரைகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். படத்தில் பயம் வரவில்லை என்றால் உடனே கேன்வாஸையே பத்து டிகிரி திருப்பிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படித் திருப்பினால் சுவர், கதவு, ஆள் எல்லாம் சேர்ந்தே சாய்கின்றன, உறவு மாறுவதில்லை. ஃப்ரேம் மட்டும்தான் நேராக நிற்கிறது. பல நேரம் கேமரா கோணல் என்றுதான் வாசகர் நினைப்பார். அதற்குப் பதில் கதவை நேராகவே விட்டுவிட்டு, தரைக்கோட்டை மட்டும் சாய்த்துப் பாருங்கள், அல்லது ஆளின் முதுகை மட்டும். ஆள், தரை, பின்னணி என்று மூன்றே கோடு போட்ட சின்ன ஸ்கெட்ச் போதும், முகம் வேண்டாம், ஷேடிங் வேண்டாம். அந்த மூன்று கோட்டிலேயே உங்களுக்கு எதுவும் தோன்றவில்லை என்றால், கண்ணும் மூக்கும் வரைய இன்னும் நேரம் வரவில்லை.